புரவிக்கு யார் தண்ணீர் வைப்பது?

பல்லாண்டுகளுக்கு முன் நம்மிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் சென்ற தை மாதத்தில் வீடு தேடி வந்திருந்தார். பயண ஏற்பாட்டு நிறுவனமொன்றில் சில காலம் பணியாற்றிவிட்டு, இப்போது சொந்தமாகத் தொழில் தொடங்கும் முனைப்பில் இருக்கிறார். அவர் கையோடு கொண்டுவந்த திட்டம் இது: தேவிபட்டினத்தில் தொடங்கி, உச்சிப்புளி, மண்டபம் வழியாகத் தனுஷ்கோடி வரை குதிரைமேல் பயணம். இரவுகளில் கடற்கரையிலோ காட்டோரத்திலோ கூடாரம். குதிரைகளும் மனிதர்களும் ஓரிடத்தில் தங்கல்.

"அமெரிக்காவில் மாநிலப் பூங்காக்களில் இதற்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் ஐயா. நம் கடற்கரைக்கு என்ன குறைச்சல்? சங்க இலக்கியத்திலிருந்து புரவியைப் பற்றி நாலு வரி எடுத்துக் கொடுங்கள், அழைப்பிதழில் போட்டுக்கொள்கிறேன்" என்றார்.

நாலு வரி தேடப் புகுந்தோம். கிடைத்தவை அழைப்பிதழுக்கு உதவுவனவாக இல்லை. ஆனால் அத்திட்டத்தைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வர அவை உதவின. அம்முடிவை வாசகர்கள் முன் வைப்பது பயனுடையது என்று தோன்றுகிறது.

குதிரையோடு காட்டில் தங்குதல் நம் இலக்கியத்துக்குப் புதிய செய்தியன்று. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் வரும் பாசறை காட்டாற்றை அடுத்த முல்லை நிலத்தில் அமைந்தது. பிடவமும் பிற புதர்களும் வெட்டி அகற்றப்பட்டு, முள்வேலி வளைக்கப்பட்டு, உள்ளே தெருக்களோடு கூடிய ஓர் ஊரே எழும்பிவிடுகிறது. தங்க வருகிறவன் காட்டுக்குச் செய்யும் முதல் காரியம் வெட்டுதல்தான் என்பதைப் புலவர் மறைக்கவில்லை. அப்பாசறையின் நடுவே அரசன் உறக்கமின்றிக் கிடக்கிறான். அவன் நினைவில் வருபவை புண்பட்ட யானைகள், மாண்ட வீரர்கள், இவர்களோடு அம்பு தைத்த வலியால் செவி சாய்த்துத் தீனி கொள்ளாமல் வருந்தும் குதிரைகள். நக்கீரரின் நெடுநல்வாடை முடியும் இடமும் ஒரு பாசறை இரவே. வாடைக் காற்றில் அரசன் புண்பட்டோரைக் காணத் தெருவில் நடந்து வருகிறான். சேணம் களையப்படாத குதிரைகள் சேற்றில் நின்று மேலே விழுந்த மழைத்துளிகளை உதறுகின்றன. அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனோ, பூவில் தாது உண்ணும் வண்டுகள் ஒலி கேட்டுக் கலங்கும் என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டுக் கானத்தைக் கடக்கிறான்.

மூன்று பாடல்களிலும் புரவியின் அழகைவிட, அதனோடு வந்தவனுக்கு உள்ள கடனே நம் கண்ணில் முதலில் படுகிறது. தன்னைச் சுமந்து வந்த உயிருக்கு ஒரு கடன், தான் கடக்கும் காட்டுக்கு ஒரு கடன். இவ்விரண்டையும் ஏற்றவனே இரவு தங்கும் தகுதி உடையவன் என்று நாம் வாசிக்கிறோம்.

இக்கடன் மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இதே பாண்டிநாட்டுக் கடற்கரை சான்று. 13ஆம் நூற்றாண்டில் பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்திறங்கின. காயல் இவ்வணிகத்தில் பெயர்பெற்ற துறை. இராமநாதபுரத்தை அடுத்த பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகள் இக்கரையின் அன்றைய கடல்வணிகப் பரப்பைக் காட்டுகின்றன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். கடலில் இறந்துபோன குதிரைக்கும் பாண்டியக் கருவூலம் விலை கொடுத்தது. மன்னரும் அவர் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆளுக்கு 2000க்கு மேல் குதிரை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். நோய் தீர்க்கத் தெரிந்தவர் இங்கில்லை. அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்தனர், செத்தால்தானே அடுத்த ஆண்டு விற்கலாம் என்பது அவர் தரும் விளக்கம். பச்சை வாற்கோதுமைக்குப் பதில் வறுத்த தானியத்தை நெய்யோடு கொடுத்தார்கள், காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தார்கள், நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்தார்கள் என்று வியக்கிறார் வஸ்ஸாஃப். இக்கணக்குகளில் மிகை இருக்கலாம். என்றாலும், நெய்யும் பாலும் ஊட்டியவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர், அறியாதவர்கள் என்பது தெளிவு. குதிரைக்கு வேண்டியது எது என்று கேளாமல், தமக்கு உயர்ந்ததாகத் தோன்றியதைக் கொடுத்தார்கள்.

அந்த அறியாமையை இன்றைய கூடாரத்திலும் நாம் காண்கிறோம். மாணவரின் திட்டத்தில் கூடாரத்துக்கு விலை இருந்தது, இரவு உணவுக்குப் பட்டியல் இருந்தது. "குதிரைகளுக்குத் தண்ணீர் எங்கே வைப்பாய், தம்பி?" என்று கேட்டோம். "ஊருக்கு ஊர் ஊரணி இருக்கிறதே ஐயா" என்றார்.

ஊரணி என்ற சொல்லை அறிந்தவர், அதன் நடைமுறையை அறியாதவர் என்பது அப்போது புரிந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, கிணறு தோண்டினால் உப்பு ஊறும் மாவட்டம் இது. குடிநீர் ஊரணியில் கால் நனைக்கவும் விடமாட்டார்கள். கால்நடை இறங்காதபடி காப்பது ஊர்க் கட்டுப்பாடு. மாடு குடிப்பதற்கு வேறு குளம். வெயில் நாளில் ஒரு குதிரை 30 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும். பத்துக் குதிரைகள் ஓர் ஊரில் ஓரிரவு தங்கினால், குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் பெண்களின் முன்னே நாம் எந்த முகத்தோடு நிற்பது?

அடுத்தது காடும் கரையும். தூத்துக்குடி முதல் பாம்பன் வரையுள்ள 21 தீவுகள் 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே இரவு தங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. தனுஷ்கோடியில் 2025இல் பூநாரைகளுக்கெனச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தை தொடங்கிப் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவது இரவில். கூடாரத்தின் விளக்கும் மணலை மிதிக்கும் குளம்பும் அவற்றுக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தேர்மணியின் நாவைக் கட்டியவனின் வழிவந்தோர் என்று அழைப்பிதழில் போட்டுக்கொண்டு நாம் அங்கே முகாமிடலாமா?

காட்டில் தங்குவதற்கு நெருப்பும் ஒரு துணை என்று எண்ணுவோர் 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்டதை மறக்கலாகாது. அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024இல் 40 மலையேற்ற வழிகளை வழிகாட்டிகளோடு திறந்தது. அவை கால்நடைப் பயணிக்கான வழிகள், புரவிக்கானவை அல்ல.

காட்டில் விடப்பட்ட குதிரை என்ன ஆகும் என்பதைப் பாக் நீரிணையின் இரு கரைகளிலும் காணலாம். 1967இல் சரணாலயமான கோடியக்கரையில், வளர்த்தோர் கைவிட்டவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் திரிகின்றன. வெளிமான் மேயும் புல்லை அவையும் மேய்கின்றன. சீமைக் கருவேலங்காய்களைத் தின்று லத்தியோடு விதையைப் புல்வெளியெங்கும் இறைக்கின்றன. கடலுக்கு அப்பால் நெடுந்தீவில், ஐரோப்பியர் ஆட்சியில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கூட்டமாய் வாழ்கின்றன. 2015இல் அங்கொரு தேசியப் பூங்கா அமைந்தது. வறட்சி ஆண்டுகளில் அக்குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். படம்பிடிக்கச் செல்வோருக்கு அவை சுதந்திரத்தின் உருவம். நமக்கோ, யாரும் தண்ணீர் வைக்காத குதிரைகள்.

மாணவர் மேற்கோள் காட்டிய அமெரிக்காவிலும் இந்த வசதி கடனில்லாமல் கிடைப்பதன்று. களைவிதை கலவாதது என்று சான்று பெற்ற வைக்கோலையே பல காடுகளில் அனுமதிக்கிறார்கள். தொற்றுச் சோகை நோய் இல்லை என்பதற்கு இரத்தப் பரிசோதனைச் சான்று கேட்கிறார்கள். குதிரையை மரத்தில் நேரே கட்டலாகாது. இரு மரங்களுக்கிடையே உயரக் கட்டிய கயிற்றில், பட்டையை அறுக்காத அகலமான வார் கொண்டு கட்ட வேண்டும். புறப்படுமுன் லத்தியை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். நாம் அங்கிருந்து கூடாரத்தை இறக்குமதி செய்ய விரும்புகிறோம், விதிகளைத் துறைமுகத்திலேயே விட்டுவிடுகிறோம்.

ஆனால் 'கூடாது' என்று சொல்லி முடிப்பது எளிது. இவ்வழியில் இரவு தங்குவதற்கு நமக்கென்று மரபு இல்லாமலில்லை. சேது வழியின் ஊர்ப்பெயர்களே அதைச் சொல்லும்: மண்டபம், தங்கச்சிமடம், அக்காள்மடம். சேதுபதிகளும் தஞ்சை மராத்திய மன்னர்களும் இராமேசுவரம் செல்வோருக்காகச் சத்திரங்கள் எழுப்பினர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் சரபோஜி கட்டிய ஒரத்தநாட்டுச் சத்திரம் அவற்றில் பெயர்பெற்றது. வண்டி அவிழ்க்க நிழல், விலங்குக்கு நீர், மனிதனுக்குச் சோறு என்பது சத்திரத்தின் இலக்கணம். தங்குவோன் வருமுன்பே, அவனுக்கும் அவன் விலங்குக்கும் வேண்டியதை ஒருவர் அறக்கட்டளையாக எழுதிவைத்திருந்தார். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் வழியில் தங்கும் தேவை குறைந்தது. பல சத்திரங்கள் இன்று பாழ்.

இதனினும் சிறந்த மாதிரி ஒன்று இம்மாவட்டத்திலேயே உயிரோடிருக்கிறது. ஆட்டுக் கிடை. இராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைச் சமவெளிவரை நடக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலில் இரவு கிடை போடுகிறார்கள். சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி'யையும் கி. ராஜநாராயணனின் 'கிடை'யையும் படித்தோர்க்கு இவ்வாழ்க்கையைப் புதிதாய் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. விலங்கோடு வெட்டவெளியில் இரவு தங்கும் கலையில் இவர்களுக்கு நிகர் யார்? இங்கே நிலத்துக்காரர் அழைத்தால்தான் தங்கல். தங்கிய வயல் எருப்பெறுகிறது. ஆகவே தங்கியவர் வாடகை தருவதற்கு மாறாக, நிலத்துக்காரரே தங்கியவருக்குக் கூலி தருகிறார். காலையில் மந்தை கிளம்பும்போது நிலம் முன்னிலும் வளமாக இருக்கிறது.

ஆகவே நாம் மாணவரிடம் சொன்னது இதுதான். கடற்கரை வேண்டாம், காப்புக்காடு வேண்டாம், தனுஷ்கோடி அறவே வேண்டாம். உள்நாட்டுச் சாலையோரத்தில், சீமைக் கருவேலம் அகற்றிய தரிசு நிலமுள்ள ஊர் ஒன்றைத் தேர்ந்துகொள். ஊரார் சம்மதம் பெறு. மழை ஓய்ந்த மார்கழி, தை, மாசி மட்டும் போ. நான்கைந்து குதிரைகளுக்கு மேல் கூட்டாதே. தண்ணீரை லாரியில் கொண்டுவா. வந்த தண்ணீரில் ஒரு பங்கை ஊரின் கால்நடைத் தொட்டியில் நிரப்பிவிட்டுப் போ. கொள்ளும் புல்லும் உன்னுடையதாக இருக்கட்டும். லத்தியைக் குழியிலிட்டு எருவாக்கி, அந்த நிலத்துக்காரருக்கே கொடு. லாடம் அடிக்கத் தெரிந்தவரும் குதிரையின் நோய் அறிந்தவரும் உடன் வரட்டும். மார்க்கோ போலோ எழுதியதை நம் காலத்தில் இன்னொருவர் எழுதும்படி ஆகிவிடக் கூடாது.

மாணவர் முகம் வாடியது உண்மை. "கடலைப் பார்த்தபடி விழிக்க வேண்டும் என்றுதானே ஐயா வாடிக்கையாளர் கேட்பார்கள்? கருவேலங்காட்டைப் பார்த்து விழிக்க யார் வருவார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வருவோர் சிலராகத்தான் இருப்பர். ஆனால் அந்தச் சிலர்க்கு மட்டுமே இந்நிலம் தாங்கும் என்பதே நம் விடை. இதை வாடிக்கையாளரிடம் சொல்லத் துணியாத தொழில், நாளை குதிரைகளைக் கோடியக்கரையிலோ வேறெங்கோ அவிழ்த்துவிட்டுக் கடையை மூடும்.

அவர் கேட்ட நாலு வரியை நாம் எழுதிக் கொடுக்கவில்லை. விடைபெறும்போது, திருப்புல்லாணிப் பக்கம் உறவினர் நிலம் ஒன்று இருப்பதாகவும், அங்கே கிடை போடும் கீதாரி ஒருவரைப் பார்த்துப் பேசப் போவதாகவும் சொன்னார். அது போதும் என்றிருந்தது.

அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது ஊரெல்லையில் ஐயனார் கோயில் திடலைக் கடந்தோம். புரவியெடுப்புக்குச் செய்த மண்குதிரைகள் அங்கே வரிசையாய் நிற்கின்றன. இம்மாவட்டத்துக் காட்டோரத்தில் எல்லா இரவுகளிலும் தங்கும் குதிரைகள் அவை மட்டும்தாம். புல் கேட்பதில்லை, ஊரணியில் இறங்குவதில்லை. உயிருள்ள குதிரையைக் கொண்டுவருகிறவர், அது கேட்கும் என்பதை மறவாதிருக்க வேண்டும்.