கூரையில் சோலார் இருந்தும் வீட்டில் ஏன் இருள்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மாத்தளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கம்மடுவைப் பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. மண்சரிவில் பாதைகள் அடைபட்டன, மின்கம்பங்கள் சாய்ந்தன. இலட்சக்கணக்கில் செலவழித்துச் சோலார் பொருத்தியிருந்தாலும், பெட்டரி இல்லாத வீடுகள் அயல்வீடுகளைப் போலவே இருளில் கிடந்தன.

இது பழுதல்ல. நமது கூரைகளில் உள்ள பெரும்பாலான சோலார் தொகுதிகள் பொது மின்கம்பியோடு இணைந்து இயங்குபவை. கம்பியில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். அறுந்த கம்பியைத் திருத்தும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே மின்சாரம் இழந்தபோதும் இதுதான் நடந்தது. அது வெயில் எறிக்கும் முற்பகல் வேளை. அப்படியிருந்தும் பெட்டரியில்லாத கூரைச் சோலாரால் ஒரு மின்குமிழைக்கூட எரிக்க முடியவில்லை.

2016இல் 'சூரிய பல சங்கிராமம்' தொடங்கியது முதல் நமக்குச் சோலார் என்பது வருமானக் கணக்காகவே அறிமுகமானது. அந்தக் கணக்கு இப்போது மாறிவிட்டது. 5 கிலோவோட் வரையான புதிய தொகுதிகளுக்கு 2025இல் அலகொன்றுக்கு 20 ரூபா 90 சதம் என்று விலை குறைக்கப்பட்டது. மறுபக்கம், பெட்டரியில் சேமித்து இரவின் உச்ச நேரத்தில் வழங்கும் மின்சாரத்துக்கு 45 ரூபா 80 சதம் வழங்க அமைச்சரவை அங்கீகரித்தது. பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, இரவில் போதவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் வேளையில் சோலாரை அணைத்து வைக்குமாறு மின்சார சபை கேட்டதும் இதனால்தான்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரட்டை விலை கிடைக்கிறதென்று மாலையில் பெட்டரி முழுவதையும் விற்றுவிட்டால், நள்ளிரவில் மின்சாரம் போகும்போது வீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே பெட்டரியில் ஒரு பங்கை எப்போதும் ஒதுக்கி வைக்கும்படி இன்வெர்ட்டரை அமைக்க வேண்டும். மழைக்கால எச்சரிக்கை வந்தால் விற்பனையை நிறுத்திவிடுவதே புத்தி.

எவ்வளவு பெரிய பெட்டரி தேவை? விற்பனையாளரிடம் கேட்பதற்கு முன் நீங்களே கணக்குப் போடுங்கள். 9 வோட் மின்குமிழ்கள் ஆறு ஐந்து மணிநேரம், 60 வோட் மின்விசிறிகள் மூன்று எட்டு மணிநேரம், அத்துடன் குளிர்சாதனப் பெட்டியும் இணைய ரவுட்டரும். எல்லாம் சேர்ந்து ஓரிரவுக்குச் சுமார் இரண்டரை அலகுகள். 5 கிலோவோட் மணி லித்தியம் பெட்டரி இதற்குத் தாராளம். சுடுநீர் கீசர், அயன், கேத்தல் போன்றவற்றை அவசர இணைப்பில் சேர்க்கவே கூடாது. கிணற்று மோட்டார் தொடங்கும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இடமும் முக்கியம். கலேவெல, தம்புள்ளைப் பக்கத்து வெயில் ரத்தொட்டை, உக்குவளை மலையடிவாரங்களில் கிடைப்பதில்லை. சராசரியாக ஒரு கிலோவோட் தகடு நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு அலகு தந்தாலும், அடைமழை நாளில் அதில் சிறு பங்கே கிடைக்கும். மலை நிழலையும் மார்கழி மழையையும் கணக்கில் எடுக்காத விலைமனுவை நம்பாதீர்கள்.

கையொப்பமிடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்வெர்ட்டர் ஹைபிரிட் வகையா? மின்சாரம் துண்டிக்கப்பட்டால் எந்தெந்த அறைகள் எரியும்? இடிமின்னல் பாதுகாப்பு உண்டா? பதில்களை எழுத்தில் பெறுங்கள். நிறுவனம் நிலைபேறான வலு அதிகாரசபையில் பதிவு செய்யப்பட்டதா என்றும் பாருங்கள்.

மாதம் அறுபது அலகுக்குள் பாவிக்கும் குடும்பத்துக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் பாதை அடைபட்ட நாட்களில் அவர்களுக்கும் தொலைபேசிக்குச் சார்ஜ் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், இன்சுலின் வைக்கக் குளிர் வேண்டும். ஒவ்வொரு மஹல்லாவிலும் பள்ளிவாசலில் பெட்டரியுடன் ஒரு தொகுதி இருந்தால் இத்தேவைகளை இன மத பேதமின்றி முழு ஊருக்கும் நிறைவேற்றலாம். அடுத்த பருவமழைக்கு முன் நிர்வாக சபைகள் பேசவேண்டிய விடயம் இது.