பாட மென்பொருளும் நம் பிள்ளைகளும்

கணினி இன்று தோட்டப்புறப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பெற்றோர்கள் மகிழ்கின்றனர், நாமும் மகிழ்கிறோம். ஆயினும், கணினியை வாங்குவதைக் காட்டிலும் அதற்கேற்ற பாட மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதே அரிய பணியாகும். பெற்றோர் உழைத்து ஈட்டிய பணத்தில் தரும் நன்கொடை வீணாகலாகாது.

2003ஆம் ஆண்டில் நம் நாட்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபொழுது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் பாடக் குறுவட்டுகளும் வழங்கப்பட்டன. திரையில் படங்கள் அசைந்தன, குரல் ஒலித்தது. ஆனால், காண்பது வேறு, கற்பது வேறு. கருவிகள் மாறினாலும் இவ்வுண்மை மாறுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 42இலிருந்து 17ஐக் கழிக்கும் மாணவன் 35 என விடை தருகிறான். 2இலிருந்து 7ஐக் கழிக்க இயலாமையால், 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டான். 'தவறு' என்று மட்டும் கூறும் மென்பொருளால் அவனுக்கு என்ன பயன்? அவன் வேறொரு விடையை ஊகித்து அழுத்துவான்; பிழையோ அவனுடனேயே ஆறாம் ஆண்டு வரை செல்லும். 42ஐ 30 என்றும் 12 என்றும் பிரித்துக் காட்டும் மென்பொருளே உண்மையான துணையாகும்.

ஆகவே, வாங்குமுன் ஆசிரியர் தாமே மாணவரைப் போல் அமர்ந்து, வேண்டுமென்றே பிழையான விடைகளைத் தந்து சோதித்தல் வேண்டும். தமிழ்ப் பாடமாயின் ல, ள, ழ ஒலிகள் திருத்தமாக ஒலிக்கின்றனவா எனக் கேட்டல் வேண்டும். பணக் கணக்கில் நம் பிள்ளைகள் அறிந்த ரிங்கிட்டும் சென்னும் இடம்பெற வேண்டும். இணையத் தொடர்பு சீராக இல்லாத இடங்களில், ஒருமுறை பதித்தபின் இணையமின்றி இயங்குவதே ஏற்றது. விலை மிகுந்தது சிறந்தது என்றும் எண்ணற்க. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'ஜீகாம்பிரி' போன்ற இலவச மென்பொருள்களும் உள்ளன.

தேர்ந்தெடுத்த பின்னரும் ஆசிரியரின் கடமை முடிவதில்லை. இருவர் ஒரு கணினியின் முன் அமர்ந்து, பேசி விடை காணட்டும். பின்னர்த் திரையை அணைத்துவிட்டு, அதே கணக்கை ஏட்டில் எழுதட்டும். ஏட்டில் செய்ய இயன்றதே கற்றதாகும்.

பெற்றோர்களே! 'எத்தனை புள்ளி எடுத்தாய்?' என்று மட்டும் வினவாதீர்கள். 'எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லிக் கொடு' என்று கேளுங்கள். அதற்குப் பெரும்படிப்பு தேவையில்லை. அன்பும் சிறிது நேரமும் போதும். எந்த மென்பொருளும் தர இயலாத துணை அதுவே.