முகக் களிம்பை நிறுத்திய பின்: உணவும் ஒழுங்கும்



நிச்சயம் முடிந்த பெண்ணுக்கு முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று மருந்துக் கடையில் ஒரு களிம்பை வாங்கிக் கொடுப்பது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. சில நாட்களிலேயே பருக்கள் அடங்குகின்றன, நிறமும் வெளுக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் தடவிய பின் அதை நிறுத்தினால், முகம் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து, எரிந்து, வீங்கி, தோல் உரியத் தொடங்குகிறது. அஞ்சி மீண்டும் தடவினால் தணிகிறது; விட்டால் முன்னிலும் கடுமையாகக் கிளம்புகிறது.

இதற்குக் காரணம் அக்களிம்பில் கலந்துள்ள ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் முதலிய பெயர்களில் ஒன்று குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். இது தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நாளடைவில் தோலை மெலியச் செய்கிறது. நிறுத்தியதும் சுருங்கிய குழாய்கள் விரிந்து, சிவப்பும் எரிச்சலும் தோன்றுகின்றன.

இந்தியாவின் பல நகரங்களில் தோல் மருத்துவர்கள் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் இத்தகைய களிம்பைத் தடவி வந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவரல்லாதார் சொற்கேட்டுத் தடவியவர்கள். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதெனக் கட்டுப்படுத்தியது. ஆயினும் வாங்குவோர் விழிப்படையாமல் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

பாதிக்கப்பட்டோர் முதலில் தோல் மருத்துவரை நாட வேண்டும். உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவரே முடிவு செய்வார். உடலின் பெரும்பகுதியில் வலிய களிம்பை நெடுநாள் தடவியோருக்கு மிகுந்த சோர்வு, தலைசுற்றல், வாந்தி ஏற்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. சீழ், காய்ச்சல் கண்டாலும் அவ்வாறே.

இனி உணவைப் பார்ப்போம். தோலில் எது வந்தாலும், “கரப்பான் பண்டம்” என்று கத்தரிக்காய், கருவாடு தொடங்கி மீன், முட்டை, பால் வரை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவர் நம் வீட்டுப் பெரியவர்கள். இந்நிலையை நீக்கும் பத்தியம் என்று நிரூபிக்கப்பட்ட உணவு ஏதுமில்லை. தோல் உரியும்போது உடல் புரதத்தை இழக்கிறது. நீரும் தோல் வழியே வெளியேறுகிறது. அவ்வேளையில் வெறுங்கஞ்சியோடு நிறுத்துவது ஆறுதலைத் தாமதப்படுத்தும். முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர், கீரை, பழங்கள் ஆகியவற்றை இயன்ற அளவில் நாள்தோறும் சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பண்டம் உண்ணும்போதெல்லாம் அரிப்பு மிகுந்தால், அதை மட்டும் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுக.

மிகுந்த காரமும், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேநீரும் முகத்தில் இரத்த ஓட்டத்தைப் பெருக்கி எரிச்சலைத் தூண்டும். ஆணத்தில் காரத்தைக் குறைத்து, தேநீரை ஆறவிட்டு அருந்துவது நலம். நோன்புக் காலமாயின், மாத்திரை உண்பவர்களும் தோல் பெரிதும் உரிந்தவர்களும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இத்தகையோருக்கும் உரியதே.

வாழ்க்கை ஒழுங்கில் கவனிக்க வேண்டியவை பல. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரே போதும். முகத்திற்குச் சோப்பு வேண்டாம். ஒளூச் செய்தபின் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் உலருமுன் மணமில்லாத வாசலினை மெல்லியதாகப் பூசுக. அத்தர், பவுடர், எலுமிச்சைச் சாறு, மஞ்சள் பூச்சு, புதிய ‘மூலிகைக் களிம்பு’ ஆகிய எதுவும் முகத்தை அண்டலாகாது. முக்காட்டிற்கும் தலையணை உறைக்கும் மெல்லிய பருத்தித் துணி ஏற்றது. நகங்களை ஒட்ட வெட்டுக. அரிப்பு இரவில் மிகுந்து உறக்கத்தைக் கெடுக்குமாதலால், பகலில் சிறிது ஓய்வு கொடுங்கள். வெயிலிலும் அடுப்படியிலும் நெடுநேரம் நிற்கவிடாதீர்கள்.

ஆறுவதற்குச் சிலருக்கு வாரங்களும், சிலருக்குப் பல மாதங்களும் ஆகும். நேற்றுத் தெளிந்த முகம் இன்று சிவக்கலாம். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. இக்காலத்தில் அப்பெண்ணை வருத்துவது எரிச்சல் மட்டுமன்று, “முகம் ஏன் இப்படியாயிற்று?” என்று வருவோர் போவோரெல்லாம் கேட்கும் கேள்வியும்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைக் கூறி, தேவையெனில் நாளைத் தள்ளி வைப்பது பெற்றோர் கடமை. நிக்காஹ் நாளுக்காக மீண்டும் அதே களிம்பைத் தடவச் சொல்வது, ஆறிவரும் புண்ணைக் கீறுவதற்கு ஒப்பாகும்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். ஸ்டீராய்டு களிம்பு தன்னளவில் விஷமன்று. குழந்தையின் கரப்பானுக்கு மருத்துவர் அளவும் நாளும் குறித்துத் தந்திருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். தீங்கு விளைப்பது மருந்தன்று. அளவும் நாளும் அறியாத பயன்பாடே. இன்றே உங்கள் அலமாரியிலுள்ள முகக் களிம்பின் குழாயை எடுத்து, அதன்மேல் அச்சிட்டிருப்பதை ஒருமுறை படித்துப் பாருங்கள்.