நன்றி சொன்னாச்சு, பிறகு?

"ஆண்டவர் தந்தார், அவருக்கு நன்றி" என்று சொல்லுறது எங்களுக்கு லேசு. மீன்பாடு நல்லா இருந்தால் சொல்லுவம். ஏ.எல். ரிசல்ட் நல்லா வந்தால், விசா கிடைச்சால் சொல்லுவம். பூசை ஒப்புக்கொடுத்து, மெழுகுதிரி கொளுத்தி, கடன் தீர்ந்த மாதிரி வீட்டுக்கு வந்திடுவம். ஆனால் நன்றி அத்தோடு முடிவதில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அதைச் சிலாவத்துறைக் கரையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

இந்தக் கடல் ஒருகாலத்தில் முத்தைத் தந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசு முத்துக்குளிப்புக்கு முகாம் போட்ட முக்கியமான கரைகளில் சிலாவத்துறையும் ஒன்று. 1905இல், கொஞ்சம் தெற்கே மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கும் மேலான சிப்பிகளை எடுத்தார்கள். அரசுக்குக் கிடைத்தது சுமார் 25 லட்சம் ரூபாய். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போன குளியாட்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி. அடுத்த ஆண்டே முத்துப்பார்களை 20 வருடக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் கொடுத்தார்கள். 1907க்குப் பிறகு நீண்டகாலம் குளிப்பே இல்லை. பார்கள் அதற்கு முன்பும் பல தடவை வெறுமையாகி இருக்கின்றன. கடல் தரும், தராமலும் விடும். அதை வருமானக் கணக்காக மட்டும் பார்த்தவர்களுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை.

விவிலியத்தில் இணைச்சட்டம் 26ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள் (சிலர் உபாகமம் என்பீர்கள்). முதல் விளைச்சலைக் கூடையில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லுது. இது எங்களுக்குத் தெரிந்த பகுதி. ஆனால் கூடையை வைத்ததும், தன் முன்னோர் ஊரில்லாமல் அலைந்ததையும், அடிமைப்பட்டு அழுததையும், கடவுள் அதைக் கேட்டதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, கிடைத்த நன்மையில் தங்களோடு வாழும் அந்நியரையும் சேர்த்துக்கொண்டு மகிழ வேண்டும். கூடை, ஞாபகம், அந்நியர் மூன்றும் சேர்ந்ததுதான் அந்த வழிபாடு. நாங்கள் கூடையோடு நிற்கிறோம்.

முசலிப் பகுதியில் ஞாபகத்துக்குப் பஞ்சமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது சிலாவத்துறை முஸ்லிம்களும் போனார்கள். பலர் புத்தளத்தில் அகதிகளாகவே ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். 2007இல் முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கர்கள் ஊரை விட்டுப் போனார்கள். யுத்தம் முடிந்து திரும்பி வந்தால் இரண்டு இடத்திலும் சனத்தின் காணியில் கடற்படை முகாம். முள்ளிக்குளத்துச் சனம் 2017இல் வீதியோரத்தில் இருந்து போராடியது. ஒரு பகுதி நிலத்தை விடுவதாக அந்த ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டு சிலாவத்துறை முஸ்லிம்களும் தங்கள் காணிக்காகப் போராட்டத்தில் இறங்கினார்கள்.

"காணியே இல்லை, இதில என்ன நன்றி?" என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. பறிபோனதுக்கு நன்றி சொல்லச் சொல்லி எந்த வேதமும் கேட்கவில்லை. அந்தக் கூடைச் செபத்துக்குள்ளேயே அழுகை இருக்கு, முறைப்பாடு இருக்கு. 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று வாயை மூடுவதை விசுவாசம் என்று எனக்குச் சொல்ல வராது.

மூன்றாவது பகுதிதான் எங்களுக்குக் கஷ்டம். கத்தோலிக்கரும் முஸ்லிமும் தொழிலுக்குப் போறது ஒரே கடலுக்கு. முள்ளிக்குளத்துக்காக மன்றாடும் எங்கள் விசுவாசிகள் மன்றாட்டில் சிலாவத்துறை முஸ்லிமின் காணிக்கு ஒரு வரி இருக்கா? லூக்கா நற்செய்தியில் தொழுநோய் நீங்கிய பத்துப் பேரில் திரும்பி வந்து நன்றி சொன்னது சமாரியன் ஒருவன் மட்டும்தான். வெளியாள் என்று தள்ளி வைக்கப்பட்டவன்.

அக்கரையில் இருந்து இழுவைப்படகில் வருகிறவர்களும் இதே கேள்விக்குள் வருகிறார்கள். கச்சதீவு அந்தோனியார் திருநாளில் இரண்டு கரைச் சனமும் ஒரே பூசை காணுது. பிறகு அடிமடி வலை கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகுது. இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017இல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதற்காக எங்கள் பக்கம் எல்லாம் சுத்தம் என்றில்லை. வலைக்கண்ணைச் சின்னதாக்கிக் குஞ்சு மீனையும் வழித்து வந்துவிட்டு, அதில் ஒரு பங்கைக் காணிக்கை போட்டால் அது நன்றியா? தந்தவரை மதித்தால் தந்ததையும் மதிக்க வேணும்.

அடுத்த திருநாளுக்குப் பந்தலும் சோடனையும் வழமைபோல இருக்கட்டும். மன்றாட்டு எழுதுகிற வேலை பெரும்பாலும் எங்களைப் போன்ற இளையவர்களின் கையில்தான் வரும். அதில் 1990ஐயும் 2007ஐயும் சேர்த்து எழுதுங்கள். குஞ்சு மீனை விட்டுவைக்கும் மனதையும் கேளுங்கள். பக்கத்து வீட்டு முஸ்லிம் பொடியனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள், அவன்ர காணிப் பிரச்சினை எந்த அளவில் நிக்குது என்றும் கேளுங்கள். பாட்டுக்குப் பிறகும் நன்றிக்கு நிறைய வேலை கிடக்கு.