பூமி சுற்றுவது ஏன் தெரிவதில்லை?

"பூமி சுற்றுகிறது என்கிறீர்களே, நமக்குத் தலை சுற்றவில்லையே!" என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், 'அதிகப்பிரசங்கி' என்று அதட்டிவிடாதீர்கள். கி.பி. 499இல் ஆரியபட்டர் பூமி சுழல்வதாக எழுதினார். 628இல் பிரம்மகுப்தர், அப்படியானால் உயரமான பொருள்கள் ஏன் விழவில்லை என்று மறுத்தார். பெரிய கணித மேதைக்கே வந்த சந்தேகம் அது!

வேகமும் கொஞ்சநஞ்சமல்ல. மலேசியாவும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், நாம் மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்து லாரியை நினைத்துப் பாருங்கள். செம்மண் சாலையில் குலுங்கும்போதும், டிரைவர் பிரேக் போடும்போதும், வளைவில் திரும்பும்போதும்தானே கம்பியைப் பிடிக்கிறோம்? நல்ல தார்ச் சாலையில் ஒரே சீராக ஓடினால் தூக்கமே வந்துவிடும். நம் உடல் உணர்வது வேகத்தை அல்ல, வேகத்தில் ஏற்படும் மாற்றத்தை. பூமியோ பிரேக் போடாமல் ஒரே சீராகச் சுழல்கிறது. காற்றும் கூடவே வருவதால் முகத்தில் அடிப்பதில்லை.

"வட்டமாகத்தானே போகிறோம், வளைவு தெரிய வேண்டாமா?" என்று கெட்டிக்காரப் பிள்ளை மடக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இது மிகப் பெரிய வளைவு. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அதனால் விளைவும் மிகச் சிறியது. 60 கிலோ எடையுள்ள ஒருவரை இந்தச் சுழற்சி சுமார் 200 கிராம் இலேசாக்குகிறது. பிறந்தது முதல் அப்படியே இருப்பதால், அந்த 200 கிராம் குறைவதும் நமக்குத் தெரிவதில்லை.