வெட்டவெளியும் உழைப்பே

மலையுச்சிக் காட்சி என்றாலே இயற்கையின் கொடை என்று எழுதிவிடுகிறோம். ஜெர்மனியின் நடுப்பகுதியிலுள்ள ரோன் மேட்டுநிலம் இவ்வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குகிறது. 'திறந்த தொலைவுகளின் நாடு' என்பது அதன் சிறப்புப்பெயர். உயர்ந்த சிகரமான வாசர்குப்பே 950 மீட்டர்தான். ஆயினும் மரமற்ற அம்முகட்டில் பார்வை தடையின்றி விரிகிறது.

அவ்வெட்டவெளி தானே அமைந்ததன்று. முன்பு அங்கிருந்தவை பீச் மரக்காடுகள். பல நூற்றாண்டுகளாக மனிதர் மரம் வெட்டினர், புல் அறுத்தனர், ஆடுமாடு மேய்த்தனர். மேய்ச்சல் நின்றால் புதர் வரும். பின்னர்க் காடும் திரும்பும். 1991இல் யுனெஸ்கோ இப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. கருந்தலை ரோன் செம்மறிகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

காட்டை மீளவிடுவதே நீதி என்பாரும் உளர். காப்பகத்தின் மையப் பகுதிகளில் அதற்கு இடமுண்டு, அது வேண்டியதே. ஆனால் எங்கும் அதுவே நெறியானால், காட்சியோடு மேய்ச்சற்புல்லை நம்பிய மலர்களும் மறையும். எனவே நாம் மேய்ப்பர் பக்கமே நிற்கிறோம்.

இக்குன்றுகளினூடேதான் 1990 வரை இரு ஜெர்மனிகளின் எல்லை ஓடியது. கண்ணுக்கு எட்டிய ஊர் காலுக்கு எட்டவில்லை. தொலைவைத் திறந்ததும் மனிதர் கை. அடைத்ததும் அதே கை. இயற்கையை மட்டும் புகழ்ந்து இறங்கிவருவது பாதி உண்மையே.