குடியானவருக்கேற்ற மடக்குக் கத்தி

விவசாயக் கருவிகளைப் பற்றிப் பேசுங்கால் கலப்பை, பரம்பு, விதைக்கும் கருவி, மருந்து தெளிக்கும் கருவி ஆகியவற்றையே எடுத்துரைப்பது வழக்கம். குடியானவர் காலையில் வயலுக்குப் புறப்படும்போது மடியிலோ சட்டைப் பையிலோ போட்டுக்கொள்ளும் மடக்குக் கத்தியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. சந்தையில் முதலில் கண்ணில் பட்டதை வாங்கிவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். ஆயினும் ஒட்டுக் கன்று பிடிப்பதும் பட்டுப்போவதும், ஒரு மரத்தின் நோய் மறு மரத்துக்கு ஏறுவதும், கைவிரல் தப்புவதும் அநேக சமயங்களில் இச்சிறு கருவியைப் பொறுத்தே இருக்கின்றன. ஆதலால் அதைத் தெரிந்தெடுக்கும் விஷயத்தில் என் அபிப்பிராயத்தை இங்கு எழுதத் துணிந்தேன்.

பல அலகுகளுள்ள கத்தி குடியானவருக்கு வேண்டியதே. ஆனால் வாங்கும்போது அலகுகளை எண்ணலாகாது. தம் வேலைகளை எண்ண வேண்டும். அன்றாடம் வேலையில்லாத அலகு ஒவ்வொன்றும் வீண் பாரமேயாகும்.

இங்கிலாந்து தேசத்து ஷெபீல்டு நகரம் கத்தித் தொழிலுக்குப் பேர்போனது. அவ்வூர் ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியார் 1822ஆம் வருஷத்தில் அவ்வருஷத்தின் எண்ணுக்குச் சரியாக 1822 அலகுகள் கொண்ட கத்தியொன்றைச் செய்தார்கள். அது கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கத் தக்கதேயன்றி ஒருவரும் மடியில் வைத்துக்கொள்ளத் தக்கதன்று. இதற்கு மாறாக, சுவிட்ஸர்லாந்து தேசத்துச் சேனையாருக்கு 1891ஆம் வருஷத்தில் முதன்முதலாக வழங்கப்பட்ட மடக்குக் கத்தியில் நான்கே உறுப்புகள் இருந்தன: வெட்டும் அலகு, துளையூசி, டப்பா திறக்கும் கருவி, திருப்புளி. டப்பாவில் அடைத்த உணவைத் திறப்பதும், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டுவதும் சிப்பாய்க்கு நித்திய வேலைகளாதலால் அவற்றுக்கு வேண்டியதை மட்டும் வைத்தார்கள்.

அமெரிக்க தேசத்தில் மாடு வளர்ப்போர் கொண்டுசெல்லும் 'ஸ்டாக்மன்' என்னும் கத்தியிலும் அலகுகள் மூன்றுதான். கூர்முனை அலகு ஒன்று. முனை மழுங்கி வாய் நேராயுள்ள அலகு ஒன்று. கன்றுகளுக்குக் காயடிப்பதற்கான சிற்றலகு ஒன்று. இம்மூன்றாவது நமக்கு வேண்டுவதில்லை. பர்டிஸோ இடுக்கியினால் இரத்தம் சிந்தாமல் காயடிக்கும் முறை இருக்கையில், கத்தி கொண்டு அறுத்துப் புண்ணில் சீழ் வைக்கவிடுவது தகாது. அதுவும் மிருக வைத்தியர் செய்ய வேண்டிய காரியம்.

நம் குடியானவருக்கு வேண்டிய அலகுகள் எவை?

மா, எலுமிச்சை, சாத்துக்குடி, ரோஜா முதலியன வைத்திருப்போருக்கு ஒட்டுக் கட்டும் அலகு முதன்மையானது. இதன் வாய் நேராகவும், ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டும் இருத்தல் நலம். இருபுறமும் தீட்டிய கத்தி குச்சியில் ஆழ்ந்து அலையலையாக வெட்டும்; ஒருபுறம் தீட்டியது தட்டையாகச் சீவும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளரும் படலம் இரு செடிகளிலும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும். வெட்டில் சிறு பள்ளமிருந்தாலும் அவ்விடம் காய்ந்துபோகும். மொட்டு வைப்போர் பட்டையை நெம்புவதற்குப் பித்தளை அல்லது எலும்பு நாக்கு உள்ள கத்தியைக் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது கவாத்து அலகு. இது அரிவாள் மூக்கைப்போல் உள்வளைந்திருக்கும். விரற்கனமுள்ள கிளைகளையும், ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் போத்துகளையும் இழுத்து அறுக்கும்போது கிளை வழுக்கி ஓடாது. அதற்கு மேற்பட்ட கனமுள்ளவற்றுக்கு அரிவாளும் ரம்பமும் உள. திருப்பாச்சேத்தி அரிவாள் செய்யும் வேலையைச் சட்டைப் பைக் கத்தியிடம் கேட்பது நியாயமன்று.

மூன்றாவது, முனை மழுங்கிய நேர் அலகு. கயிறு, சணல், சாக்குத் தையல், வாழைநார் ஆகியவற்றை அறுக்க இதுவே ஏற்றது. முனையில்லாமையால் மாட்டின் மூக்கணாங்கயிற்றை அவசரமாய் அறுக்க நேர்ந்தாலும் தோலிற் குத்தாது.

ஒட்டு அலகும் கவாத்து அலகும் சேர்ந்த இரட்டைக் கத்தி தோட்டக் கருவி விற்போரிடம் கிடைக்கும். மூன்றும் ஒரே பிடியில் அகப்படாவிடில் அதனோடு நேர் அலகுள்ள சிறு கத்தி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது உத்தமம். நன்செய் மட்டுமுள்ளவருக்கு நேர் அலகும், முடிச்சவிழ்க்கவும் தோல்வாரில் துளையிடவும் ஒரு துளையூசியும் போதும்.

வாங்கும்போது சோதிக்க வேண்டியவை சில. அலகை முழுதும் திறந்து பக்கவாட்டில் அசைத்தால் ஆடலாகாது. மடக்கும்போது வில் 'டக்' என்று இழுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் ஈரக் கையில் நகம் பிய்யுமளவுக்கு விறைப்பாயிருத்தல் கூடாது. மடக்கிய பின் அலகின் வாய் உள்வில்லில் இடித்தால் தினமும் மழுங்கும். வெளிச்சத்துக்கெதிரே பிடித்துப் பார்த்தால் வில்லுக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையில் சந்து தெரியலாகாது. மடக்கிய நீளம் மூன்றரை முதல் நான்கு அங்குலம் போதும். அதற்கு மிஞ்சினவை வீட்டுப் பெட்டியில் தங்கிவிடும். வேண்டிய சமயத்தில் கையில் இரா.

எஃகு விஷயத்தில் இருவகை உண்டு. சாதாரணக் கார்பன் எஃகு எலுமிச்சைச் சாறும் மாம்பாலும் பட்டால் கறுக்கும், அசட்டை செய்தால் துருப்பிடிக்கும். ஆனால் சாதாரணத் தீட்டுக்கல்லிலேயே விரைவில் கூர்மையேறும். 1913ஆம் வருஷத்தில் ஷெபீல்டில் ஹாரி பிரியர்லி என்பவர் உண்டாக்கிய குரோமியம் கலந்த எஃகின் வழிவந்தவையே துருவேறா எஃகு வகைகள். கடற்கரைத் தாலுகாக்களில் உள்ளோருக்கு இவை தக்கன. தினமும் துடைத்து எண்ணெயிடும் பழக்கமுள்ளவருக்குக் கார்பன் எஃகே மேல் என்பது என் துணிபு.

இனி, மிகவும் வற்புறுத்த வேண்டிய விஷயம் ஒன்று. ஒட்டு அலகினால் ஒட்டு வேலையன்றி வேறெதையும் அறுக்கலாகாது. எலுமிச்சை இனங்களைக் குன்றச் செய்யும் எக்ஸோகார்ட்டிஸ் என்னும் நோய், பார்வைக்கு நலமாய்த் தோன்றும் தாய்மரத்திலும் மறைந்திருந்து, அதை அறுத்த கத்தியோடு அடுத்த கன்றுக்கு ஏறும். நெருப்பில் காட்டுவதும் சாராயத்தில் துடைப்பதும் இதற்குப் போதா. சலவைக்கு விற்கும் குளோரின் வெளுப்புத் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, ஒரு தாய்மரத்திலிருந்து மறு மரத்துக்குப் போகுமுன் அலகை அதில் நனைக்க வேண்டும். அத்திரவம் எஃகை அரிக்குமாதலால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலம்பித் துடைத்து எண்ணெயிடுதல் அவசியம். உருளைக்கிழங்கு விதையை அறுக்கும் கத்தியினாலும் வாடல் நோய் பரவக்கூடும். அங்கும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

இதனினும் கொடியது, பூச்சிமருந்துப் பொட்டலத்தைக் கிழித்த கத்தியினாலேயே வரப்பில் உட்கார்ந்து கொய்யாவையும் வெள்ளரியையும் நறுக்கித் தின்பது. குழந்தைகளுக்கும் அதிலேயே அறுத்துக் கொடுக்கிறார்கள். மடியிலுள்ள கத்தி எதனாலும் மருந்துப் பொட்டலத்தைத் தொடலாகாது. தெளிக்கும் கருவியோடு ஒரு கத்தரிக்கோலைக் கயிற்றில் கட்டி வைத்துவிட்டால் இவ்வபாயம் நீங்கும். அதன் விலை அற்பம்.

பழைய முறை மடக்குக் கத்திகளில் அலகை நிறுத்துவது வில்லின் அழுத்தமேயன்றிப் பூட்டு அன்று. முனையால் குத்தினாலும் நெம்பினாலும் அலகு மடங்கி விரலை அறுக்கும். இழுத்து அறுப்பதே இதற்குரிய முறை.

தீட்டும்போது ஒட்டு அலகின் சாய்ந்த பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்து, மறுபக்கத்தைத் தட்டையாக வைத்துப் பிசிறை எடுத்தால் போதும். மோட்டார்ச் சாணையில் கொடுத்துச் சூடேறி நீலம் பாய்ந்த அலகு பதம் இழந்ததாகும். மூட்டில் வாரமொருமுறை தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும்.

கத்தி வைத்திருப்பது குற்றமாகுமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் 2016ஆம் வருஷத்தில் ஏற்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகளையே ஆயுத வகுப்பில் சேர்க்கின்றன. அவற்றிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்குமென்று அமைந்தவற்றுக்கு விலக்கு உண்டு. மூன்று அங்குல ஒட்டுக் கத்திக்கு இவ்வச்சம் வேண்டுவதில்லை. ஆயினும் நீதிமன்றத்துக்குப் போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போவது விவேகம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக அனுமதியில்லை.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயத்தை விவசாயிகள் கூட்டங்களில் எடுத்துச் சொல்வார்களானால் பெரிதும் பிரயோஜனப்படும். நல்ல தாய்மரத்தின் குச்சிக்குப் பணம் கொடுத்துவிட்டுக் கெட்ட கத்தியால் அதைப் பாழாக்குவது கண்கூடான நஷ்டம். பத்து அலகுள்ள பளபளப்பான கத்தியை விட்டு, வேலைக்கேற்ற இரண்டு மூன்று அலகுள்ள நல்ல கத்தியை வாங்கி, ஒவ்வோர் அலகையும் அதனதன் வேலைக்கே வைத்துக்கொள்ளும்படி நிலமுடையோர் யாவரையும் கேட்டுக்கொள்ளுகிறேன்.